முதல் வரியில் பிள்ளையார் சுழி

எங்கள் கம்பெனிச் சூளைக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராமில் மூன்று வரிகள் இல்லை. எழுத வேண்டிய வரிகள், எழுதாமல் விட்டேன். அதனால் என் வீட்டுக்காரருக்கு வேலை போயிற்று. வேலை போனால் போகட்டும், ஊரில் வேறு சூளையா இல்லை. தன் கையைத் தானே நம்பாத ஆளாக அவர் ஆகிப்போனார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காரணம் நான்தான் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. இப்படியே ஏழு மாதம் ஒரே வீட்டில் சோறு தின்றோம்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குள் ஒரு ஷெட்டு, ஒரு கேஸ் சூளை, பதினைந்து இருபது பேர், ஒரு முதலாளி. கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான்தான் எங்கள் சரக்கு. என் வீட்டுக்காரர் சூளையில், நான் ஆபீஸில். இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கதவு. நான் படித்தது கம்ப்யூட்டர் டிப்ளமோ. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் இரண்டு வருடம் ஓர் ஆபீஸில் பெர்ல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். பெர்லா, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும். எனக்குத் தெரிந்தது அதுதான், சூளைக்கு அது போதும்.

முன்பெல்லாம் அவர் சூளையின் சின்ன ஓட்டை வழியாக உள்ளே பார்த்துப் பார்த்து கேஸைக் கூட்டுவார், குறைப்பார். சூளையில் அடுக்கின ஒரு லோடு வெந்து முடிவதற்குள் கண் இரண்டும் செவசெவ என்று ஆகிவிடும். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் முதலாளியிடம் போய், கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாம் என்று சொன்னேன். சூட்டை அளக்கும் கம்பி சொல்கிற எண்ணைப் பார்த்து, கேஸ் வால்வைத் தானே திருப்புகிற மாதிரி எழுதினேன். ஓட ஆரம்பித்த முதல் வாரம் பேட்டையில் பாதிப் பேர் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

ஒவ்வொரு சரக்குக்கும் சூடு வேறு. எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சரக்குக்கும் தனி ஃபைலாக வைத்திருந்தேன். லோடு ஆரம்பிக்கும்போது பெரிய புரோகிராம் அந்தச் சரக்கின் ஃபைலை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃபைலில் எண்களை மாற்றுவது அவர் வேலை. பழைய ஃபைல் ஒன்றைக் காப்பி எடுத்து, எண்ணை மாற்றி, புதுப் பெயர் வைப்பார். அவ்வளவுதான்.

இன்னொரு ஃபைலில் இருப்பதை உள்ளே கொண்டுவர பெர்லில் இரண்டு மூன்று வழி உண்டு. ரெக்வயர் என்று ஒன்று. கறாரான ஆள். ஃபைல் கிடைக்கவில்லை என்றாலும், உள்ளே தப்பு இருந்தாலும், அங்கேயே புரோகிராமை நிறுத்திச் சத்தம் போடும். ஆனால் ஒரு தடவை படித்த ஃபைலை மறு தடவை தொடாது, படித்தாயிற்று என்று போய்விடும். டூ என்று இன்னொன்று. எத்தனை தடவை கேட்டாலும் புதிதாகப் படிக்கும். புரோகிராமை நிறுத்தாமலே அவர் லோடுக்கு லோடு எண்ணை மாற்ற வேண்டும் என்பதால் நான் டூ போட்டேன். அதில் ஒரு சங்கடம். ஃபைல் கிடைக்காவிட்டாலும், உள்ளே தப்பு இருந்தாலும், டூ வெறுங்கையோடு திரும்பி வந்து பேசாமல் மேலே போய்க்கொண்டே இருக்கும். என்ன தப்பு என்று ஒரு மூலையில் குறித்து வைத்திருக்கும், அதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். படித்தாயா, தப்பில்லாமல் படித்தாயா, எண்கள் கையில் வந்தனவா என்று மூன்று கேள்வி. அந்த மூன்று வரிகளைத்தான் நான் எழுதவில்லை. பாடத்திலேயே இருக்கிறது, எனக்குத் தெரியாதது இல்லை. அப்புறம் எழுதலாம் என்று விட்டேன்.

விட்டதோடு நிற்காமல் இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். ஃபைல் ஏதாவது வராமல் போனால் சூளை அந்தரத்தில் நிற்கக் கூடாதே என்று, புரோகிராமின் ஆரம்பத்திலேயே கம்பத்துப் பீங்கானின் எண்களைப் போட்டு வைத்தேன். ஃபைல் வந்தால் அந்த எண்கள் போய்ப் புது எண்கள் உட்காரும். வராவிட்டால் பழையதே ஓடும். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

நடுவில் ஒரு தடவை எச்சரிக்கையும் வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் பழுதாகிப் புதிது வாங்கினபோது அதில் இருந்தது புது பெர்ல். பழைய பெர்ல் ஃபைலைத் தேடும்போது தான் நிற்கிற ஃபோல்டரிலும் பார்க்கும். புதிது பார்க்காது. வேறு எவனோ அந்த ஃபோல்டரில் கெட்ட ஃபைலை வைத்துவிட்டால் ஆபத்து என்று அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள், நியாயம்தான். அதனால் என் புரோகிராம் பத்து நாள் ஒரு ஃபைலைக்கூடப் படிக்காமலே ஓடியிருக்கிறது. அந்தப் பத்து நாளும் கம்பத்துப் பீங்கானே வெந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தற்செயலாகப் பார்த்தேன், ஃபைல் இருக்கிற முழு வழியையும் எழுதிச் சரிசெய்தேன். அன்றைக்காவது அந்த மூன்று வரிகளைச் சேர்த்திருக்கலாம். டீ வந்தது, குடித்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன்.

ஐப்பசியில் கார்த்திகைக்காக அகல் விளக்கு ஆர்டர் வந்தது. வெள்ளைப் பீங்கான் அகல், மெல்லிசாக, பூப்போல. எங்கள் கம்பெனிக்கு அது புதுச் சரக்கு. முதலாளி அதைப் பெரிதாக நம்பியிருந்தார். கம்பத்துப் பீங்கானின் சூடு அந்த மண்ணுக்கு ஆகாது, அதற்கு நூற்றைம்பது டிகிரி கீழேயே நிறுத்தியாக வேண்டும். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சுட்டுப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டார். அகலுக்கென்று புது ஃபைல் போட்டார்.

புதிதாக எதை எழுதினாலும் நம் கை முதலில் பிள்ளையார் சுழிதான் போடும். நோட்டானாலும் சரி, மளிகைச் சீட்டானாலும் சரி. நானும் அப்படித்தான். என் பெரிய புரோகிராமின் மேலேயே ஓர் 'உ' அடித்து வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி இருக்கும். அந்தக் குறி இருந்தால் அந்த வரியை பெர்ல் படிக்காது, அது மனுஷருக்கு மட்டும். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று எத்தனையோ தடவை அந்தச் சுழியைப் பார்த்திருக்கிறார். லோடு சீட்டு அடிப்பதற்காகத் தமிழ் அடிக்க நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். புதுச் சரக்கு, புது ஃபைல், நல்லபடியாக வர வேண்டுமே என்று முதல் வரியில் ஓர் 'உ' அடித்திருக்கிறார். ஹேஷ் குறி எதற்கென்று நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

அதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. லோடு ஓடின அன்று மத்தியானம் அவர் தகரக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். என்னமோ சூடு ஜாஸ்தி ஏறுகிற மாதிரி இருக்கிறது என்றார். ஸ்கிரீனில் இப்போதைய சூடு தெரியும், எதுவரை போகப் போகிறது என்பது தெரியாது. அப்படி எழுதி வைத்ததும் நான்தான். நான் ஏதோ பில் அடித்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை.

"அதுவே பாத்துக்கும்ங்க. நீங்க கைய வெக்காதீங்க."

சரி என்று போய்விட்டார். அவர் அன்றைக்கு என் பேச்சைக் கேட்காமல் வால்வைத் திருப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

சூளை ஆறி, கதவைத் திறந்தபோது காலை பத்து மணி இருக்கும். அகல் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் தொய்ந்து, ஒன்றோடொன்று இழைந்து, அடுக்கின தட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. பெண்கள் நாலைந்து பேர் கூடையோடு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். முதலாளி சத்தம் போடுகிற ஆள். அன்று சத்தமே போடவில்லை.

"யாருப்பா இந்த லோடப் பாத்துக்கிட்டது?"

"நான்தாங்க."

"எண்ணு போட்டது?"

"அதுவும் நான்தாங்க. கம்ப்யூட்டரு நாம சொல்றதத்தான செய்யும். தப்பாப் போட்டுட்டேன் போல இருக்குது."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி அவரிடம் சொன்னார். நான் தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைக் கேட்டதாகவோ, கையை வைக்காதீர்கள் என்று நான் சொன்னதாகவோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் எண்ணைத் தப்பாகத்தான் போட்டிருப்பார் என்று நானும் நினைத்துக்கொண்டேன். நினைக்க வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்த ஃபைலைத் திறந்தேன். எண்கள் எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்து அடித்திருந்தார். மேலே மட்டும் ஓர் 'உ'. அந்த ஃபைலை மறுபடி படிக்கவிட்டு, டூ குறித்து வைக்கிற அந்த மூலையைப் போய்ப் பார்த்தேன். முதல் வரியில் தெரியாத எழுத்து என்று அழகாக எழுதி வைத்திருந்தது. அந்த ஒரு எழுத்தில் முட்டி பெர்ல் ஃபைல் முழுவதையும் தள்ளிவிட்டது. என் புத்திசாலித்தனம் கம்பத்துப் பீங்கானின் எண்களை எடுத்துக் கொடுத்தது. அகல் விளக்கு கம்பத்துப் பீங்கானின் சூட்டில் வெந்தது.

மூன்று வரிகளையும் அன்றே எழுதினேன். ஃபைலைப் படிக்க முடியாவிட்டால் நில், உள்ளே தப்பிருந்தால் நில், எண்கள் வராவிட்டால் நில். ஆரம்பத்தில் போட்டு வைத்த எண்களை அழித்தேன். இனிமேல் ஃபைலில் கோளாறு என்றால் சூளை பற்றவே பற்றாது. எல்லாம் சேர்ந்து கால் மணி நேர வேலை. பக்கத்து அறையில் முதலாளி போன் பேசிக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா? பயம்தான். என் வேலையும் போய்விட்டால் வீட்டில் உலை எப்படி வைப்பது, எங்கள் பெண்ணின் படிப்பு என்ன ஆவது என்று மனசு நூறு சாக்கு சொன்னது. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வெறும் பயம். ஊருக்கே கம்ப்யூட்டர்காரி என்று பெயர் எடுத்துவிட்டேனே, அது போய்விடும் என்கிற பயம்.

அவரிடமாவது சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று போயிற்று. ஒரு மாதம் கழித்து, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்பதும் சேர்ந்துகொண்டது. பிறகு ஒன்றும் தோன்றவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி எனக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிற்று. ஆபீஸுக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது, வரவில்லை.

பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் சீசனுக்கு மூட்டை தூக்கப் போனார். விடிகாலை பஸ்ஸில் போய் சாயங்காலம் திரும்புவார். அங்கே யாரும் எண் எழுதச் சொல்லவில்லை, அதனால் நிம்மதி என்றார். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து குமிழைத் தொட்டுப் பார்ப்பார். பூட்டின பூட்டை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். பெண் ஏதோ ஃபாரம் நிரப்பச் சொல்லிக் கொடுத்தபோது, எனக்கு வேணாம்மா, நான் எதையாவது தப்பா எழுதி வெப்பேன் என்று பேனாவை மூடிவிட்டார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றுமே செய்யவில்லை, நடுங்கவில்லை, வலிக்கவில்லை. கீரையை ஆய்ந்து முடித்தேன்.

வைகாசியில் பேட்டையிலேயே இன்னொரு கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் சூளையைப் பார்த்துக்கொள்ள இவரைக் கேட்டார்கள். பழைய கதை தெரியும், ஆனாலும் இவர் மாதிரி சூளை தெரிந்த ஆள் இல்லை என்று சொன்னார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்:

"வரலன்னு சொல்லிடப் போறேன். எனக்கு இனிமே சூள ஒத்து வராது. இன்னொருத்தன் சரக்கையும் நான் கெடுக்கணுமா?"

அப்போதுதான் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன என்றேன். மேலே போட்ட பிள்ளையார் சுழியால் பெர்ல் அந்த ஃபைலை எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். பூண்டு உரிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் போட்ட சுழிதான? எப்படிப் பாத்தாலும் என் தப்புதான்."

பாதி சொன்னால் இப்படித்தான் ஆகும். மீதியையும் சொன்னேன். சுழி போட்டது தப்பே இல்லை, ஃபைல் சரியில்லை என்றால் கத்தி நிற்க வேண்டியது புரோகிராம், அது கத்தாத மாதிரி எழுதினது நான், பழைய எண்ணை வைத்து ஓட்டினது நான், மத்தியானம் நீங்கள் வந்து சூடு ஏறுகிறது என்று சரியாகத்தான் சொன்னீர்கள், கையை வைக்காதீர்கள் என்றது நான். உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் முகம் மாறின விதத்தை எப்படிச் சொல்வது. சின்னப் பிள்ளையை அடித்துவிட்டுப் பிறகு கூப்பிட்டால் ஒரு பார்வை பார்க்குமே, அப்படிப் பார்த்தார். உரித்த பூண்டை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போட்டார்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம், போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"மூணாம் நாளே தெரிஞ்சுதுங்க."

கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து கை கழுவப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடினது. அன்று அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், பசித்தது.

மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போய், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். நானும் அன்றே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று சாவியைக்கூட மேஜைமேல் வைத்துவிட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, இப்போது புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன்.

"அப்பறம் என்னாம்மா, போயி வேலயப் பாரு. அவன்தான் அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

இதற்காகவா ஏழு மாதம் பயந்தேன் என்று சிரிப்புக்கூட வரவில்லை. போய் வேலையைப் பார்த்தேன். அந்த வாரம் எல்லா ஃபைலையும் மாற்றி எழுதினேன். இப்போது என் புரோகிராம் எந்த ஃபைலையும் புரோகிராமாக ஏற்றுவதில்லை, வெறும் எண்களாகப் படிக்கிறது. ஒவ்வொரு எண்ணும் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறதா என்று பார்க்கிறது. புரியாத வரி வந்தால் எந்த ஃபைல், எந்த வரி என்று சிவப்பில் காட்டி நிற்கிறது. மேலே பிள்ளையார் சுழி இருந்தால் அதை மட்டும் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போகும்.

அவர் புது இடத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பழையபடி ஓட்டை வழியாகப் பார்த்துத்தான் சுடுகிறார், கண் மறுபடி சிவந்திருக்கிறது. இதுவரை ஒரு லோடுகூடக் கெடவில்லை என்று பேட்டையில் சொல்கிறார்கள். வீட்டில் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார், பருப்பு வாங்க வேண்டுமா, பெண் பரீட்சை எழுதினாளா என்று எல்லாம் கேட்கிறார். போன வாரம் சாப்பிடும்போது, அவர்கள் முதலாளிக்கும் கம்ப்யூட்டர் வைக்கிற யோசனை வந்திருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னார்.

"உங்க வூட்டுல யாரோ அதெல்லாம் எழுதுவாங்களாமேன்னு கேட்டாரு. அப்படி யாரும் இல்லிங்கன்னு சொல்லிட்டேன்."

நான் ரசம் ஊற்றினேன். போதும் என்று கையை நீட்டி மறித்தார்.